இறக்கை மடித்து நிற்கும் ஜெட்

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இதுதான்: "விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் ஜெட் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரி கட்ட ஆசை. இதற்கு முன் எதுவும் கட்டியதில்லை. எந்த விமானம், எந்த அளவு வாங்கலாம்? எங்கள் வெக்கைக்கும் புழுதிக்கும் பெயின்ற் ஒழுங்காக வருமா? இன்னொன்று, போர்விமானத்தை வீட்டில் வைப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை."

தம்பி, நான் முல்லைத்தீவுப் பக்கம். பத்து வருடத்துக்கு மேலாகக் கிட் கட்டுகிறேன், அதில் பாதிக்கு மேல் கடற்படை ஜெட்கள்தான். அம்மாவைப் பற்றிய கேள்விதான் இதில் பெரியது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் விமானத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அந்தப் பதிலின் ஒரு பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

தரையில் இறங்கும் ஜெட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடுபாதை இருக்கும். கப்பலில் இறங்கும் ஜெட் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டு, தளத்தில் குறுக்கே கிடக்கும் உருக்குக் கம்பி ஒன்றைப் பிடித்து, சுமார் 100 மீற்றருக்குள் நின்றுவிட வேண்டும். அது பூப்போல வந்து இறங்குவதில்லை, தளத்தில் வந்து மோதுகிறது என்றே சொல்லலாம். அதனால் அதன் கால்கள் தடித்தவை. வாலுக்குக் கீழே கொக்கி இருக்கும். தளத்திலும் கீழ்த்தட்டிலும் இடம் போதாது என்பதால் பெரும்பாலும் இறக்கை மடியும். சுற்றிலும் உப்புக் காற்று. இந்த நாலு விஷயமும் மனதில் இருந்தால், எதைத் திறந்து ஒட்டுவது, எதை மூடி ஒட்டுவது, எங்கே அழுக்குப் பூசுவது என்ற முடிவுகள் தானாக வரும். நன்றாக ஒட்டி, நன்றாகப் பெயின்ற் அடித்த பல மாதிரிகள் பார்க்கும்போது ஏதோ குறைகிற மாதிரித் தெரிவதற்குக் காரணம் இதை யோசிக்காததுதான்.

சரி, எந்த விமானம்? என் பதில் ஏ-4 ஸ்கைஹாக், 1/72 அளவில், அதாவது உண்மை விமானத்தின் 72இல் ஒரு பங்கு. கண்டிப்பாகச் சொன்னால் அது கீழே உள்ள இலக்குகளைத் தாக்கும் விமானம், வானில் சண்டை பிடிக்கும் விமானம் அல்ல. ஆனாலும் அமெரிக்கக் கடற்படை 1969இல் மிராமாரில் தொடங்கிய சண்டைப் பயிற்சிப் பள்ளியில் எதிரி விமானமாகப் பறந்து, பெரிய பெரிய ஜெட்களைத் திணறடித்தது இந்தச் சின்ன விமானம்தான். எட் ஹைன்மன் என்ற பொறியியலாளர் வடிவமைத்தார். 1954இல் முதலில் பறந்தது, 1979 வரை கட்டினார்கள், மொத்தம் 2,960. இறக்கையின் அகலம் வெறும் 8.38 மீற்றர். அவ்வளவு சிறிய இறக்கை என்பதால் மடிக்கவே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். மடிப்பு இயந்திரம் இல்லாததால் பாரமும் குறைந்தது. 1/72இல் அது 11.6 சென்ரிமீற்றர், உள்ளங்கையில் நிற்கும். துண்டுகளும் குறைவு. ஏர்ஃபிக்ஸ் கொம்பனியின் 1/72 ஸ்கைஹாக் முதல் முறை கட்டுபவருக்கு நல்ல பெட்டி.

ஸ்கைஹாக்கில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் சொல்கிறேன். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு தகடு இருக்கும். அதைத் திறந்து மூட மோட்டார் எதுவும் கிடையாது. வேகமாகப் பறக்கும்போது காற்று அதை அழுத்தி மூடிவிடும். வேகம் குறைந்தால் தானாக இறங்கும். தரையில் நிற்கும்போது தன் பாரத்தாலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே நிற்கிற ஸ்கைஹாக்கின் படங்களில் அந்தத் தகடு கிட்டத்தட்ட எப்போதும் திறந்துதான் இருக்கும். உங்கள் பெட்டியில் அது தனித் துண்டாக வந்தால் திறந்த நிலையில் ஒட்டுங்கள். விஷயம் தெரிந்தவர் உங்கள் மாதிரியைப் பார்த்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

எஃப்-14 டொம்கற்தான் வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோருக்கும் முதல் ஆசை அதுதான், எனக்கும் அதுதான். ஆனால் முதல் கிட்டாக வேண்டாம். அதன் நீளம் 19 மீற்றருக்குச் சற்று மேல். 1/48இல் 40 சென்ரிமீற்றர், ஒரு அலுமாரித் தட்டை முழுக்கப் பிடித்துவிடும். காற்று உள்ளே போகும் இரண்டு பெரிய பெட்டிகளையும் பொருத்து தெரியாமல் ஒட்டப் பழகிய கை வேண்டும். மூன்றாவது, நாலாவது கிட்டாகத் தொடுங்கள். அப்போது ரமியா (Tamiya) கொம்பனி 2016இல் விட்ட 1/48 டொம்கற்றை வாங்க முடிந்தால் வாங்குங்கள், துண்டுகள் பொருந்துகிற விதமே ஒரு சந்தோஷம். டொம்கற்றின் இறக்கை மடியாது, பின்னால் போகும். பறக்கையில் 20 பாகையில் இருந்து 68 வரை சாயும். கப்பலில் நிறுத்தும்போது மட்டும் 75 பாகைக்குப் போய் வால் இறக்கையின் மேல் ஏறிப் படுக்கும். அந்த 75 தரையிலும் தளத்திலும் மட்டும்தான். மாதிரியைப் பறக்கும் நிலையில் தாங்கும் தண்டில் ஏற்றிவிட்டு இறக்கையை 75இல் வைத்தால் பிழை.

இந்தியக் கடற்படை விமானம் ஏதாவது கட்ட ஆசை என்றால் சீ ஹாரியர். விராட் கப்பலில் இருந்து பறந்து 2016இல் ஓய்வு பெற்றது. அதற்குக் கொக்கியும் கிடையாது, இறக்கை மடிப்பும் கிடையாது. நேராகக் கீழே இறங்கும் விமானத்துக்குக் கொக்கி எதற்கு? மடிகிறது மூக்கு. கப்பலின் லிஃப்டுக்குள் அடங்குவதற்காக ரேடார் உள்ள மூக்கை ஒரு பக்கமாகத் திருப்புவார்கள். 1982 ஃபோக்லாந்துப் போரில் பிரித்தானியர் இவற்றில் பெரும்பாலானவற்றை முழுக்க ஒரே கடுஞ்சாம்பல் நிறமாக அடித்தார்கள், தூரிகையால் பூசுபவருக்கு அதைவிட இலகுவான நிறத்திட்டம் இல்லை. இருந்தும் இதை நான் இரண்டாவதாக வைக்கக் காரணம் கால்கள். உடம்புக்குக் கீழே முன்னும் பின்னும் இரண்டு, இறக்கை நுனியில் இரண்டு. நாலும் ஒன்றாக நிலத்தில் தொட வேண்டும். முதல் தடவையில் ஒன்றாவது அந்தரத்தில் நிற்கும், அதைப் பார்க்கப் பார்க்க மனம் விட்டுப்போகும்.

பெட்டி வாங்குகிறபோது ஒன்றைக் கவனியுங்கள். பழைய அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கையே புதுப் படம் போட்ட பெட்டியில் திரும்பத் திரும்ப விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். தகட்டுக் கோடுகள் மேலே புடைத்து நின்றால் பெரும்பாலும் பழைய அச்சு, உள்ளே வெட்டியிருந்தால் புதியது. பழையது விலை குறைவு என்றால் வாங்கலாம், ஆனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய பெட்டியில் டெக்கல் தாள், அதாவது தண்ணீரில் ஊறவிட்டு விமானத்தில் ஒட்டும் அடையாளப் படங்களின் தாள், மஞ்சளடித்திருக்கும். அதற்கு எங்கள் ஊரில் மருந்து இருக்கிறது. தாளைக் காற்றுப் போகாத பொலித்தீன் பையில் போட்டு, படம் வெளியே பார்க்க யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். குளிர்நாட்டில் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். வன்னி வெயிலில் ஒவ்வொரு நாளும் பாருங்கள், வெளுத்தவுடன் எடுத்துவிடுங்கள்.

பசையையும் பெயின்றையும் வெளிநாட்டில் இருந்து தபாலில் எடுக்க முயல வேண்டாம். தீப்பற்றும் சாமான் என்பதால் விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். கிட் தபாலில் வரட்டும், போத்தல்களைக் கொழும்பு போகிறவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள். ஒட்டுவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் பசை ஒரு போத்தல் போதும். அது பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இரண்டு துண்டையும் ஒன்றாக்கும். கிட்டின் துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் ஒட்டியபடி வரும், வெட்டிய பின் மிஞ்சும் சட்டகத் துண்டுகளை வீசாதீர்கள். பொடியாக நறுக்கி, ஒரு சின்னக் குப்பியில் அந்தப் பசையோடு ஊறவிட்டால் பாகு மாதிரி வரும், பொருத்து நிரப்ப அதைவிட நல்ல சாமான் நான் பார்க்கவில்லை. காய்ந்த பிறகு, வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கும் இடத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சாண்ட் பேப்பரில் 600உம் 1000உம் வாங்கித் தேயுங்கள். சூப்பர் குளூவை விமானி இருக்கைக்கு மேல் வரும் கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டால் கண்ணாடி உள்ளே வெண்புகை படிந்து போகும். அதற்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை.

மூக்குக்குப் பாரம் வைக்க மறந்தால் ஸ்கைஹாக் வாலில் குந்திவிடும். வலைக்குக் கட்டும் ஈயமணி இரண்டு மூன்று எடுத்து, உடம்பின் இரண்டு பாதியையும் மூட முன்னமே மூக்குக்குள் வையுங்கள். மூடுவதற்கு முன் ஒட்டுநாடா சுற்றிக் கட்டி, பின் கால் இருக்கும் இடத்தில் விரலில் தாங்கிப் பாருங்கள், முன்பக்கம் சாய வேண்டும். ஈயத்தை அந்த வெள்ளைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈயம் அதோடு சேர்ந்து மெதுவாக வெள்ளையாகப் பூத்து ஊதும், சில வருடத்தில் மூக்கே பிளந்துவிடும். நான் கட்டிய பாந்தர் என்ற ஜெட் ஒன்று அப்படிப் பிளந்தது, திருத்தவே முடியவில்லை. சூப்பர் குளூ அல்லது இரண்டு ரியூப் கலக்கும் எப்பொக்சி பாவியுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இனிப் பெயின்ற். எங்கள் ஊரில் இரண்டு காலம், இரண்டு வேறு கஷ்டம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அக்ரிலிக் பெயின்ற் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும், இழுத்தால் கோடு கோடாக நிற்கும். தட்டையான தகரப் பெட்டி ஒன்றில் நனைத்த ஸ்பொஞ்ச் வைத்து, அதன் மேல் கேக் அடிக்கும் எண்ணெய்த்தாளை விரித்து, பெயின்றை அதில் ஊற்றிப் பாவியுங்கள், மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் இதற்கு எதிர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்த பிறகு அடியுங்கள். புழுதிக்கு ஒரே வழி நேரம். காற்று எழும்ப முன், விடியற்காலையில் அடித்து, உடனே ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். எங்கள் செம்மண் ஈரப் பெயின்றில் ஒட்டினால் தேய்த்தெடுத்துத் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வாகன பிரைமர் ஸ்ப்ரே மலிவு என்று நேராக அடித்துவிடாதீர்கள், சிலது பிளாஸ்டிக்கை அரிக்கும். சட்டகத் துண்டொன்றில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

நிறம் எது? 1950களின் நடுவில் இருந்து 70களின் பிற்பகுதி வரை அமெரிக்கக் கடற்படை ஜெட்களுக்கு மேலே வெளிர்சாம்பல், கீழே வெள்ளை. அதன் பிறகு எல்லாம் மங்கல் சாம்பலாகிவிட்டது. பழைய சாம்பலும் வெள்ளையும்தான் என் விருப்பம், படைப்பிரிவுகளின் வண்ண அடையாளங்களும் அந்தக் காலத்துக்குரியவை. கால்களும் சக்கரக் குழியும் வெள்ளை. சக்கரக் கதவுகளின் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு வரும். கொக்கியில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையம். சிவப்பு விளிம்பும் கொக்கி வளையமும் இரண்டு மணித்தியால வேலைதான், ஆனால் அதைப் போட்டவுடன் மாதிரி கப்பலுக்குரியதாகிவிடும். டெக்கலை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஊறவிட வேண்டாம். அதில் உள்ள சுண்ணாம்பு காய்ந்து வெள்ளை வளையமாக நிற்கும், சாம்பல் நிறத்தில் நன்றாகத் தெரியும். வடிகட்டிய குடிநீரோ மழைத்தண்ணீரோ எடுங்கள்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு ஜெட் என்றால் உருவம் இல்லை, சத்தம். "கிபிர்" என்று யாராவது கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இறங்கிய தலைமுறை உங்கள் அம்மாவுடையது, என்னுடையதும்தான். நான் முதலில் கிட் கட்டத் தொடங்கியதே அந்தச் சத்தத்துக்கு உருவம் எது என்று அறிய வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான். இலங்கை விமானப்படை 1996இல் இருந்து பறக்கவிட்ட அந்த இஸ்ரேலியக் கிபிரின் இன்னொரு வகையை அமெரிக்கக் கடற்படையும் பாவித்திருக்கிறது. 1985 முதல் 1988 வரை 12 விமானங்களை இரவலாக எடுத்து, எஃப்-21ஏ என்று பெயர் மாற்றி, தரைத்தளத்தில் இருந்து பயிற்சிக்கு எதிரியாகப் பறக்கவிட்டார்கள். கடற்படை ஜெட் கிட்களைத் தேடிக்கொண்டு போனால் என்றாவது அந்தப் பெட்டி உங்கள் கண்ணில் படும். நான் அதை வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை. நீங்களும் அம்மா இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்கிறேன்.

மற்றவற்றுக்கு நான் கைக்கொள்ளும் முறை இது. பெட்டிக்குள் குண்டும் ஏவுகணையும் வரும், அவற்றைச் சட்டகத்தோடேயே வைத்துவிடுவேன். தொங்கும் எண்ணெய்த் தாங்கி மட்டும் போடுவேன். மாதிரியைப் பறக்கும் நிலையில் தண்டில் ஏற்றுவதில்லை. சக்கரம் இறக்கி, கண்ணாடி மூடியைத் திறந்து, ஏணி சாத்தி, மடிக்கக்கூடியது என்றால் இறக்கையை மடித்து, கப்பல் தளத்தில் கட்டிப்போட்ட நிலையில் வைப்பேன். கப்பல் ஜெட் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அப்படித்தான் கழிக்கிறது, ஆகவே இது உண்மைக்கும் பொருந்தும். எஃப்-4 பான்டம் மாதிரிப் பெரிய விமானத்தில் மடிந்த இறக்கையின் உள்வெட்டு முகத்தில் கீல், குழாய், வயர் எல்லாம் தெரியும். கட்டுபவருக்கு அதைவிட ருசியான இடம் இல்லை. மடித்த இறக்கைக்கான துண்டுகள் சில பெட்டிகளில் வரும், பலவற்றில் வராது. வாங்க முன் துண்டுகளின் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

என் அம்மாவும் முதலில் மறுத்தவர்தான். பான்டம் ஒன்றை மடித்த இறக்கையோடு மேசையில் வைத்திருந்தபோது வந்து பார்த்தார். "இது ஏன் செட்டையை மடிச்சிருக்கு?" என்று கேட்டார். கப்பலில் இடம் இல்லை, கோழி கூட்டுக்குள் ஒடுங்குகிற மாதிரி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சத்தம் போடாமல் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். உங்கள் அம்மா அப்படிச் சொல்வார் என்று நான் உறுதி தர முடியாது. பெட்டி வாங்க முன் கேளுங்கள். எதைக் கட்டப் போகிறீர்கள், அதில் எதைப் போடாமல் விடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ப்ளூ ஏஞ்சல்ஸ் சாகசக் குழுவின் ஸ்கைஹாக் இருக்கிறது. 1974 முதல் 1986 வரை அவர்கள் பறந்தது இதில்தான். நீலமும் மஞ்சளும், குண்டே கிடையாது. அந்தப் பளபளப்பு நீலத்தைத் தூரிகையால் தழும்பில்லாமல் பூசுவது கஷ்டம், ஆனால் அம்மாவின் சம்மதத்துக்காக அந்தக் கஷ்டம் படலாம். அதற்கும் மறுத்தால் சிறிது காலம் விடுங்கள். மாதிரியை எப்போதும் கட்டலாம்.

கடைசியாக அழுக்கு. புதிதாகக் கட்டுபவர்கள் கப்பல் ஜெட் என்றவுடன் செம்பழுப்புத் துருவை ஒழுகவிடுவார்கள். விமானம் அலுமினியம், அது சிவப்பாகத் துருப்பிடிக்காது. உப்புப் பட்டால் வெள்ளை மாவாகப் பூக்கும். கப்பலில் உள்ளவர்கள் அதைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் மட்டும் கையில் உள்ள சாம்பலைப் பூசுவார்கள். நிறம் சரியாகப் பொருந்தாது. பல மாதம் கடலில் நின்ற ஜெட் திட்டுத் திட்டாகத் தெரிவது அதனால்தான். 80களுக்குப் பிந்திய மங்கல் சாம்பல் விமானங்களில் இது மிக நன்றாகத் தெரியும். இதைப் படிக்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. பெட்டி வந்து சேரும்வரை ஒரு காலைப்பொழுது முல்லைத்தீவுக் கரைக்கு வாருங்கள். மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு மோட்டார்களைப் பாருங்கள், அதன் காலும் அலுமினியம்தான். வெள்ளைப் பூப்பு எந்த ஆணியைச் சுற்றித் தொடங்குகிறது, எந்த விளிம்பில் பெயின்ற் உரிகிறது, உரிமையாளர் தொட்டுப் பூசிய இடம் பழைய நிறத்தில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். பெயின்ற் அடிக்கிற நாளில் அந்தத் தாளை மேசையில் வையுங்கள்.